முனியசாமி பாடிய இங்கிலீஷ் பாட்டு

கமுதிப் பக்கத்து முனியசாமி துபாய்க்கு வந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து ஏசி மெக்கானிக். இத்தனை காலத்தில் அவரைப் பற்றிக் கம்பெனிக்கு வந்த புகார்களை அடுக்கி வைத்தால் எல்லாமே ஒரே புகார்தான்: ஆள் வேலையில் கெட்டி, குரலைத்தான் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். ஏணி மேல் நின்று அவர் ஸ்க்ரூடிரைவர் கேட்டால் பக்கத்துக் கட்டிடத்து வாட்ச்மேன் எடுத்துக்கொண்டு ஓடி வருவான். அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் அவரோடு ஒரே ரூமில் இருக்கிற ஐந்து பேரும், அவர் ஊருக்குப் போன் போடும் நேரம் பார்த்துத்தான் குளிக்கப் போவார்கள். மனைவி கருப்பாயி மட்டும் நேராகவே சொல்லிவிடுவாள். "போன வச்சிட்டே பேசுங்க. இங்கன வரைக்கும் கேக்கும்."

முனியசாமிக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. குரல் இல்லாதவன்தான் மெதுவாகப் பேசுவான் என்பது அவர் கட்சி. ஆனால் அந்தக் குரலால் ஒரு பாட்டுப் பாடியதாக அவருக்கே நினைவில்லை. அப்படிப்பட்டவரின் குரல் ஒரு இங்கிலீஷ் ராக் ஆல்பத்தில் ஏறி, அதை லண்டனில் மறுபடியும் இசைத்தட்டாக அச்சடித்து, அதைப் பற்றி ஒரு பேராசிரியர் நாலு பக்கம் கட்டுரையும் எழுதிவிட்டார் என்பது போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அவருக்குத் தெரியவந்தது. அப்போது அவர் ஏணியின் ஐந்தாம் படியில் நின்றுகொண்டிருந்தார்.

துபாய் மரினாவில் இருபத்திரண்டாம் மாடி. வீட்டுக்காரர் பெயர் ஜைத். ஹைதராபாத் குடும்பம், துபாயிலேயே பிறந்து வளர்ந்தவர், விளம்பரக் கம்பெனியில் வேலை. வீட்டில் உட்கார ஒரு நாற்காலி இல்லை, தரையில் மெத்தைதான். இசைத்தட்டுகளுக்கு மட்டும் சுவர் நீளத்துக்குத் தேக்கு அலமாரி. ஏசி தண்ணீர் ஒழுகி அந்த அலமாரிப் பக்கம் வருகிறது என்று மூன்று தடவை போன் பண்ணியிருந்தார்.

"பாய், ஒரு சொட்டு விழுந்தால்கூட என் உயிர் போயிடும்," என்றார் ஜைத் ஹிந்தியில். இசைத்தட்டில் கேட்டால்தான் சத்தத்தில் ஒரு வெதுவெதுப்பு இருக்கும், போனில் கேட்பதெல்லாம் செத்த சத்தம் என்று விளக்கமும் சொன்னார். அந்த வெதுவெதுப்பை அனுபவிப்பதற்காக அறையைப் பதினெட்டு டிகிரியில் வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தார்.

முனியசாமி வடிகால் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஜைத் ஒரு புதுத் தட்டை உறையிலிருந்து எடுத்தார். மணல் நிறத்தில் இருந்தது. கைக்குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி மெஷினில் வைத்து முள்ளை இறக்கினார். முதலில் ஒரே இரைச்சல். தகர ஷெட்டில் இரண்டு கிட்டார்களைப் பூட்டிவைத்து வெளியே விடு என்று கதற விட்ட மாதிரி இருந்தது. அடியில் யாரோ இரும்பை டங், டங், டட்டங் என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள். இதெல்லாம் ஒரு பாட்டா என்று முனியசாமி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"பத்தொம்போது! பத்தொம்போதக் கேட்டா பதினேழக் குடுக்குறியே பாய், கண்ண எங்க அடகு வச்சிருக்க? பத்தொம்போது!"

முனியசாமி கையிலிருந்த குழாய் நழுவியது. தேங்கியிருந்த தண்ணீர் அலமாரியில் கொட்டியது. ஜைத் அலறினார். முனியசாமி அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"அது நாந்தான்! பாய், அந்தக் கத்துறது நாந்தான்!"

ஜைத் நம்பவில்லை. தட்டுகளைத் துடைத்து முடிக்கிறவரை அவர் எதையும் காதில் வாங்கவுமில்லை. துடைத்து முடித்ததும் முனியசாமி ஏணியில் நின்றபடியே அந்த வரியை இன்னொரு தடவை, அதே சுருதியில், முப்பத்தாறு வருஷத்துக் கோபம் கொஞ்சமும் குறையாமல் கத்திக் காட்டினார். கீழ் வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். ஜைத் மெத்தையில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். எண்பத்தொன்பதாம் வருஷம், ஜூலை மாதம். 'கோல்ட் கிரேவி' என்று இங்கிலாந்தில் ஒரு ராக் குழு. ஆறிப்போன குழம்பு என்று பெயர் வைத்துக்கொண்டதிலேயே அவர்கள் யோக்கியதை தெரியும். ஊரில் எந்த ஸ்டுடியோவும் இவர்களைச் சேர்க்கவில்லை. கிட்டார் அடிக்கிற டெரிக்கின் அக்கா புருஷன் ஜுமைராவில் ஒரு வில்லாவில் இருந்தார், எண்ணெய்க் கம்பெனி வேலை. அவர் லீவில் ஊருக்குப் போக, வீடு சும்மா கிடக்கிறதே என்று நாலு பேரும் டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். துபாயில் ஜூலை மாதம் எப்படி இருக்கும் என்று யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஏசி படுத்துவிட்டது. முனியசாமிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வந்து ஐந்து மாதம். கம்பெனி வேனில் அவரை அங்கே கொண்டுபோய் இறக்கியவர் டிரைவர் கௌஸ் முகைதீன். தொண்டிக்காரர், இவரைவிட மூன்று வயது மூத்தவர். மத்தியானம் ஒரு மணி வெயில். கடல் உப்பில் துருவேறி, ஜன்னல் ஏசி சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. வெளியே ஏணி மேல் நின்று முனியசாமி சுத்தியலால் சட்டத்தை அடித்தார். உள்ளே குழுவின் டிரம்ஸ்காரர் வெக்கையில் மயங்கி விழுந்து கிடந்தார். மற்ற மூன்று பேரும், டேப் ஓடுகிறதே, வெளியே எவனோ தாளமும் போடுகிறானே என்று அதற்கு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏணிக்குக் கீழே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கௌஸ் முகைதீனைப் பார்த்து முனியசாமி போட்ட சத்தமும் டேப்பில் ஏறிவிட்டது.

அந்த ஆல்பம் அப்போது முந்நூறு தட்டு அச்சாகி, அதிலும் பாதி டெரிக்கின் அம்மா வீட்டுப் பரணில் கிடந்தது. பிறகு எப்படியோ அது அபூர்வப் பொருளாகிவிட்டது. யாருக்கும் கிடைக்காத பொருளை எல்லாரும் புகழ ஆரம்பித்தார்கள். பாட்டின் பெயர் 'பாத் ஆன் போத்'. அதாவது முனியசாமியின் 'பத்தொம்போது' வெள்ளைக்காரக் காதில் போய் 'இரு பக்கமும் பாதை' என்று விழுந்திருக்கிறது.

தட்டோடு, பேராசிரியரின் கட்டுரை அடங்கிய பதினாறு பக்கப் புத்தகம் ஒன்றும் வந்திருந்தது. ஜைத் அதைப் படித்து ஹிந்தியில் சொல்லச் சொல்ல முனியசாமி ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினார். விடியற்காலையில் கடற்கரையில் ஒரு முதிய சூஃபி மீனவர் செப்புப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு பாடினாராம். ஆன்மாவுக்கு இரு பக்கமும் பாதை உண்டு என்பது பாட்டின் பொருளாம். அவர் பெயர் யாருக்கும் தெரியாது, பாடி முடித்ததும் மூடுபனியில் மறைந்துவிட்டாராம்.

"மூடுபனியா? நான் வேன்ல ஏறி அடுத்த கம்ப்ளைன்ட்டுக்குல்ல போனேன்," என்றார் முனியசாமி.

ஜைத் அன்றைக்கே லண்டன் கம்பெனிக்கு எழுதினார். பாட்டை வெளியிட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாயிரம் புத்தகம் அச்சாகிவிட்டதே. அடுத்த மாதம் துபாயிலேயே ஒரு வெளியீட்டு விழா வைத்திருந்தார்கள். அல் கூஸில் பழைய கிடங்குகளைச் சித்திரக் கூடங்களாக மாற்றியிருக்கிறார்களே, அதில் ஒன்றில். அந்தக் கூடத்தை நடத்துகிற ஷிரின் என்ற பெண்மணி முனியசாமியைப் பார்க்க வந்தார். கேம்ப்புக்கும் கூடத்துக்கும் நடந்தால் பத்து நிமிஷம்தான். ஷிரினுக்கு அங்கே இப்படி ஒரு கேம்ப் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். முனியசாமிக்கும் அங்கே கூடம் இருப்பது தெரியாது, டயர் குடோன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க உண்மையைத்தான் சொல்றீங்க, நான் நம்புறேன்," என்றார் ஷிரின் பக்குவமாக. "ஆனா உண்மையில பல அடுக்கு இருக்கு இல்லையா? ஏசிங்கிறது மேல் அடுக்கு. உள்ளே நீங்க என்ன உணர்ந்தீங்க?"

"புழுக்கமா இருந்துச்சு மேடம்."

"அதேதான்! அந்தத் தவிப்பு! அதை மட்டும் மேடையில சொல்லுங்க. ஸ்பேனர் வேண்டாம்."

வேறு ஆளாக இருந்தால் இந்த இடத்தில் கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பான். முனியசாமியால் முடியவில்லை. வாயை மூடு என்றே கேட்டுப் பழகிய மனுஷனிடம், உங்கள் குரலைக் கேட்க ஆள் வரப்போகிறது என்று ஒருத்தி வந்து சொல்கிறாள். ஆயுளில் முதல் தடவை. ஸ்பேனர் போனால் போகிறது என்று ஒத்துக்கொண்டார். தலைப்பாகை கட்டச் சொன்னார்கள், கட்டிக்கொள்கிறேன் என்றார். செப்புப் பாத்திரத்தைத் தட்டச் சொன்னார்கள், அதற்கும் தலையாட்டினார். பிறகு மூன்று வாரம் கேம்ப் ரூமில் குக்கரைத் தட்டிப் பயிற்சி எடுத்தார். தொண்டைக்கு ஆகாதென்று தயிரை நிறுத்தினார். ரூமில் தமாஷ் பண்ணியவர்களிடம், "கலையப் பத்தி ஒங்களுக்கு என்னடா தெரியும்?" என்று கேட்டார். கருப்பாயியிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் சிரித்துவிட்டு, "காசு குடுத்தா கேக்குறாக? இங்க நான் சும்மால்ல கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள்.

அவர் செய்த தப்பு ஒன்றுதான். பெருமை தாங்காமல் பர் துபாய்க்குப் போய் கௌஸ் முகைதீனிடம் சொன்னார்.

கௌஸ் முகைதீன் வேன் ஓட்டுவதை விட்டு இருபது வருஷம். இப்போது மீனா பஜார் சந்தில் சொந்தக் கடை, சார்ஜர், போன் உறை, வாட்ச் பட்டை. ஜைத் போனில் அனுப்பியிருந்த பாட்டை முனியசாமி போட்டுக் காட்டினார். கௌஸ் முகைதீன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டார்.

"இதுல திட்டு வாங்குற பாய் யாரு?"

"நீதான் பாய்."

"முப்பத்தாறு வருஷமா என்னய உலகம் பூராத் திட்டிக்கிட்டு இருக்கிய. நீ அதுக்குத் தலைப்பா கட்டி விழா எடுக்கப் போறா."

"பாய், அது அப்ப கோவத்துல..."

"கோவம் கெடக்கட்டும். அந்த நட்டு பதினேழுதான் முனியசாமி. நான் குடுத்தது சரியான ஸ்பேனரு. நீதான் தல கிறுகிறுத்துப்போயி கத்துனா."

"பத்தொம்போது பாய்."

"பதினேழு."

முனியசாமி டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

விழா ஏப்ரலில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. வந்திருந்தவர்கள் எல்லாரும் கறுப்புச் சட்டை போட்டு, கிழிந்த ஜீன்ஸை விலை கொடுத்து வாங்கிப் போட்டிருந்தார்கள். வாசலில் தட்டு விற்பனை. நூற்றெண்பது கிராம் தட்டு என்று எழுதியிருந்தது. எடை போட்டு விற்கிற பாட்டை முனியசாமி அன்றைக்குத்தான் பார்த்தார். செக்யூரிட்டி அவரை நிறுத்தி, சர்வீஸ் ஆட்கள் பின்வாசலில் போகவேண்டும் என்றான். தலைப்பாகையைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிக் காட்டிய பிறகுதான் முன்வாசலில் விட்டான்.

மேடையில் டெரிக் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தோள்வரை முடி வைத்திருந்தவர், இன்றைக்கு மருந்துக்கு ஒரு முடி இல்லை. முனியசாமியைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்து, "என் மீனவரே!" என்று அழுதார். இந்த ஆள்தான் அன்றைக்கு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஏசி இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டவர். எல்லாம் தெரிந்தவர். ஏதோ ஒரு பேட்டியில் ஏசி மெக்கானிக் என்று சொல்லக் கூச்சப்பட்டு மீனவர் என்று சொல்லிவைத்தார். அதையே முப்பது வருஷம் சொல்லிச் சொல்லி இப்போது அவரே நம்பிவிட்டார். அழுகை நிஜமாகவே வந்தது.

பாட்டைப் போட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்கள். பிறகு ஷிரின் மைக்கை முனியசாமியிடம் நீட்டி, அந்தத் தருணத்தில் உங்களுக்குள் என்ன நிகழ்ந்தது என்று கேட்டார். முனியசாமி கூட்டத்தைப் பார்த்தார். இருநூறு பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூடக் குரலைக் குறை என்று சொல்லவில்லை.

"அது எங்க கொலசாமி பாட்டு," என்றார், தெரிந்த ஹிந்தியில். "ரெண்டு பக்கமும் வழி இருக்குன்னு சாமி சொல்லும். அதத்தான் பாடினேன்."

ஜைத் அதை இங்கிலீஷில் சொல்ல, கூட்டம் உருகிப்போய்க் கை தட்டியது. முனியசாமி செப்புப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம்.

"நோ சாமி! நோ சூஃபி! ஸ்பேனர்! ஒன்லி ஸ்பேனர்! செவன்டீன்!"

கௌஸ் முகைதீன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து, பையிலிருந்து ஒரு பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு முனியசாமி. நீ அன்னைக்குச் சாமி பாட்டாப் பாடுனா? என்னயத் திட்டுனியா இல்லியா?"

குலசாமியை இழுத்துப் பொய் சொன்ன குறுகுறுப்பு முனியசாமிக்கே உள்ளுக்குள் இருந்தது. ஆனால் பதினேழு என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் குறுகுறுப்பெல்லாம் பறந்துவிட்டது. தலைப்பாகையைக் கழற்றி எறிந்தார்.

"திட்டுனேன்! ஆமா, திட்டுனேன்! பத்தொம்போதக் கேட்டா பதினேழக் குடுத்தா திட்டாம, கொஞ்சுவாகளா?"

"நட்டு பதினேழு!"

"சட்டத்து நட்டு பதினேழு. பிராக்கெட் நட்டு பத்தொம்போது! நான் பிராக்கெட்டுலல்ல நின்னேன்!"

"அப்ப சட்டத்துக்கு ஏன் சுத்தியலக் கொண்டி அடிச்சா?"

நாலு நிமிஷம் இப்படியே போயிற்று. இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது, ஒருவர் மேடையிலும் ஒருவர் கீழேயும் நின்று, ஒருவர் பாத்திரத்தைத் தட்டி நம்பர் சொல்ல, மற்றவர் ஸ்பேனரால் மேடை விளிம்பில் தட்டி மறுத்தார். ஷிரின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் கூட்டம் அந்தத் தட்டுக்கு ஏற்றபடி மெல்லக் கை தட்ட ஆரம்பித்தது. டெரிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை மாட்டி, பின்னணி வாசிக்கத் தொடங்கிவிட்டார். இது ஒத்திகை பார்த்து நடத்துகிற நிகழ்ச்சி என்று இருநூறு பேரும் நினைத்துவிட்டார்கள். முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு பெண் கௌஸ் முகைதீனிடம் ஸ்பேனரில் கையெழுத்துக் கேட்டாள்.

முனியசாமி மைக்கைப் பிடித்து, "இது நிஜம்! நிஜச் சண்டை! நான் ஏசி மெக்கானிக்!" என்று மூன்று பாஷையில் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள்.

உண்மை வெளியே வந்ததால் என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. தட்டு விற்றுத் தீர்ந்து, ஆறு மாதத்தில் இரண்டாம் பதிப்பு வந்தது. புத்தகத்தில் இரண்டு பக்கம் கூடியிருந்தது. பதினேழு, பத்தொன்பது என்ற இரண்டு புனித எண்களைப் பற்றி இரு கீழைத்தேச ஞானிகள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் விவாதம் என்று அதே பேராசிரியர் எழுதியிருந்தார். இரண்டுமே பகா எண்கள் என்பதையும் அவர் கவனிக்கத் தவறவில்லை. முனியசாமியின் பெயரை மட்டும் 'முனி' என்று சுருக்கிப் போட்டிருந்தார்கள். ஞானிக்கு அது பொருத்தமாக இருக்கிறதாம்.

கம்பெனியில் அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாடிக்கையாளர் வீட்டில் சத்தம் போட்டதற்காக. ஜைத் புகார் செய்யவில்லை, கீழ் வீட்டுக்காரர் செய்தது. ஜைத் அவருக்கு ஒரு தட்டை இனாமாகக் கொடுத்தார். கேம்ப்பில் அதைப் போட மெஷின் கிடையாது. ரூம்காரர்கள் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதில் எங்கே அண்ணன் போட்டோ என்று கேட்டார்கள். உறையில் ஒட்டகம்தான் இருந்தது.

அவரை வேறு விதத்தில் உறுத்தியது கௌஸ் முகைதீனின் யோகம். ஞானியைப் பார்க்கவேண்டும் என்று வெளிநாட்டு ரசிகர்கள் கிளம்பி வந்தார்கள். முனியசாமி இருக்கிற கேம்ப்புக்குள் போக கேட்டில் பாஸ் வேண்டும். கௌஸ் முகைதீனுக்குக் கடை இருக்கிறது, போர்டு இருக்கிறது, மெட்ரோவிலிருந்து இறங்கி நடந்தால் வந்துவிடலாம். முதலில் எரிச்சல்பட்ட கௌஸ் முகைதீன் பிறகு தெளிந்துவிட்டார். ஆல்பத்தின் உறையைச் சட்டம் போட்டு கல்லாவுக்கு மேல் மாட்டினார். "இந்தப் பாட்டுல 'பாய்'னு வருதுல்ல? அது என்னயப் பத்திப் பாடுனது," என்று போன் உறை வாங்க வந்தவர்களிடமும் சொன்னார். திட்டு எங்கே போயிற்று என்று முனியசாமி கேட்டதற்கு, "மனுசன் மேல ஒரு பாட்டு இருக்குன்னா சும்மாவாடா?" என்றார்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முனியசாமி அந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சண்டை அதன் பாட்டுக்கு இருக்க, டீ அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர், ஒரு பையனும் பெண்ணும், கறுப்புச் சட்டையில் வந்து நின்றார்கள். கௌஸ் முகைதீனையும் கல்லாவுக்கு மேலே இருந்த உறையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பக்தியோடு, "பாய்?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"ஐ சிங்கர். முனி. மீ," என்று முனியசாமி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

கம்பெனிச் சீருடையைப் பார்த்துவிட்டு அவர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். பிறகு அந்தப் பையன், படத்தில் நீங்கள் விழுகிறீர்கள், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கையால் சைகை காட்டினான். முனியசாமி தள்ளி நின்றார். உடனே, நீங்களே எடுத்துக் கொடுத்தால் மூன்று பேரும் நிற்கலாமே என்று போனை அவர் கையில் கொடுத்தான். கௌஸ் முகைதீன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மாட்டியிருந்த உறைக்குக் கீழே, இருவருக்கும் நடுவில் நின்றார்.

"நல்லா எடு முனியசாமி."

"எடுக்குறேன் பாய். அசையாம நில்லு."

நிதானமாக, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மூன்று படம் எடுத்தார். போனை வாங்கிக்கொண்ட ஜெர்மன்காரர்கள் நன்றி சொல்லிவிட்டு மெட்ரோ பக்கம் நடந்தார்கள். மூன்று படத்திலும் கௌஸ் முகைதீன் கழுத்துவரைதான் இருந்தார்.